தபீதாள் மாஸ்டர் சொன்ன ‘விடு’

ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். யாரைப் பார்த்தாலும் முதலில் டிக்கெட் இல்லாதவர் என்றுதான் நினைப்பேன். டிக்கெட்டைக் காட்டினால் நம்புவேன். அப்போதும் தேதியைப் பார்த்துவிட்டுத்தான். என் மனைவி ஷீலா இதை வியாதி என்கிறாள். செம்பாக்கத்தில் உள்ள எங்கள் சபையார் இதைத் தகுதி என்று எடுத்துக்கொண்டு, ‘சத்தியநாதன் சார்தான் சரி’ என்று என்னைக் கமிட்டிச் செயலாளர் ஆக்கிவிட்டார்கள்.

அந்த என்னிடம்தான் தபீதாள் வந்து, சபை மண்டபத்தைக் கராத்தே வகுப்புக்குக் கேட்டாள். நாற்பதைத் தாண்டிய, ஒல்லியான பெண். தாடையில் ஒரு தழும்பு. காலையில் ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு லேபில் ரத்தம் எடுக்கும் வேலை. காலையில் ஊசி, மாலையில் குத்து. எப்படியும் ரத்தம் பார்க்காமல் தூங்கமாட்டாள் போலிருக்கிறது என்று ஷீலாவிடம் சொன்னேன்.

“இதுக்கு முன்னாடி எங்க நடத்தினீங்க?” என்று கேட்டேன்.

“பள்ளிக்கரணையில சார். ஒரு ஜிம்முல.”

“ஏன் நிறுத்தினீங்க?”

“‘ஒரே மாசத்துல தற்காப்புக் கலை’ன்னு போர்டு வெச்சாங்க. ஒரு மாசத்துல அது யாருக்கும் வராது சார். நான் வரலன்னு சொல்லிட்டேன்.”

ஒரு போர்டுக்காக யாராவது ஓடுகிற வகுப்பை விட்டுவிட்டு வருவார்களா? வேறு ஏதோ நடந்திருக்கிறது, மறைக்கிறாள் என்று முடிவு செய்துகொண்டேன். ஆனால் எங்கள் ஆயர் சம்மதித்துவிட்டார். எல்லோரையும் நம்புவது அவர் வேலை. அதனால் மிச்ச வேலை என் தலையில் விழுந்தது.

விளக்கு, ஃபேன் எல்லாம் சரியாக அணைக்கிறார்களா என்று பார்க்கும் சாக்கில் வகுப்பு நேரத்தில் போய் உட்காருவேன். சண்டை கற்றுக்கொடுப்பாள் என்று பார்த்தால், பின்னால் போகக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தாள். “முதல்ல வெளிய போற வழி எங்கன்னு பாரு. வழி இருந்தா ஓடு. ஓடுறது தோல்வி இல்ல” என்றாள். ஓடுவதற்கு எதற்கு வெள்ளை உடையும் இடுப்பில் பெல்ட்டும் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

இரண்டு இரண்டு பேராக நிற்கவைத்து மோதவிடும்போது மட்டும் கொஞ்சம் சுவாரஸ்யமாக இருக்கும். “கையைப் பாக்காத, கை ஏமாத்தும். தோளைப் பாரு” என்பாள். “அவன் கிளம்பறதுக்கு முன்னாடி நீ அடிச்சா அது வம்பு. வந்து சேந்த பிறகு அசைஞ்சா அடி உனக்குத்தான். அவன் பாதி வழியில இருக்கான் பாரு, அப்ப குடு!” ஏமாற்றும் கையைப் பற்றி எனக்குத் தெரியும், பையில் தேடுவதுபோல் நடிக்கும் எத்தனையோ கைகளை நான் பார்த்திருக்கிறேன். நல்ல பாடம்தான் என்று தோன்றியது. அதை அவளிடம் சொல்லவில்லை.

அவள் கதையை ஒவ்வொன்றாகக் கறந்தேன். தாம்பரம் ரயில்வே குடியிருப்பில் வளர்ந்தவள். அண்ணன்கள் இருவரையும் கராத்தேயில் சேர்த்தபோது, வீட்டில் தனியாக விடமுடியாது என்று இவளையும் கூட அனுப்பியிருக்கிறார்கள். அண்ணன்கள் ஒரு மழைக்காலத்தோடு நின்றுவிட்டார்கள். இவள் நிற்கவில்லை. தாடைத் தழும்பு, போட்டியில் தோற்றபோது வாங்கியதாம். கல்யாணம் ஏன் செய்துகொள்ளவில்லை என்றும் கேட்டுவிட்டேன். “டைமிங் சரியா அமையல சார்” என்றாள், மோதலைப் பற்றிச் சொல்வது போலவே.

கோயிலில் அவள் எப்போதும் கதவோரக் கடைசி பெஞ்சில்தான் உட்காருவாள். காணிக்கைப் பை வருவதற்குள் நழுவவா என்று கவனித்தேன். நழுவவில்லை. அதுவும் எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது.

இப்படி நான் காத்திருந்ததற்கு ஒருநாள் பலன் கிடைத்தது. தண்ணீர் கேன் போடும் சுகுமார், வலது கையில் மாவுக்கட்டோடு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றான்.

நடந்தது இதுதான். ராஜகீழ்ப்பாக்கம் சிக்னலில், எங்கள் சபைப் பெண் ஹெப்சியின் ஸ்கூட்டர் சுகுமாரின் குட்டியானை சரக்கு வண்டியில் உரசி, வண்டியின் பக்கக் கண்ணாடி உடைந்துவிட்டது. ஹெப்சி கல்லூரியில் படிக்கிறாள். தபீதாளின் வகுப்பில் முதல் வரிசையில் நிற்பவள். சுகுமார் இறங்கி வந்து ஸ்கூட்டர் சாவியைப் பிடுங்கிக்கொண்டான். அவள் சாவியைக் கேட்டுக் கை நீட்ட, அந்தக் கையைப் பிடித்தான். அவள் அவன் கையைத் திருப்பி மடக்கிப் பிடித்துக்கொண்டாள். அந்த நேரம் பார்த்து, வேலை முடிந்து எதிர்ப்பக்கம் வந்துகொண்டிருந்த தபீதாள், ‘விடு’ என்று கத்தியிருக்கிறாள். அடுத்த நொடி சுகுமார் கீழே கிடந்தான், மணிக்கட்டு எலும்பு முறிந்து.

“அந்தம்மா அந்தாண்ட நின்னுகினு ‘வுடு, வுடு’ன்னு கத்துச்சு சார். இந்தப் பொண்ணு வுட்டுச்சு. நான் தரையில கெடக்கிறேன். இப்போ ஒரு கேன் தூக்க முடியல, பேஜாரா கீது. கோயில்லயே அடிக்கக் கத்துக் குடுக்கறீங்க, நல்லா கீது சார் உங்க நாயம்! அந்த கிளாஸை மூடுங்க. இல்லன்னா நான் ஸ்டேஷனுக்குப் போறேன்.”

சிக்னல் முனையில் டீக்கடை வைத்திருக்கும் சவுரிமுத்துவிடம் விசாரித்தேன். “மாஸ்டர் வுடுன்னாங்க சார். பொண்ணு வுட்டுச்சு” என்றார்.

“எதை விட்டுச்சு?”

“இன்னா சார் நீ? வுட்டுச்சு சார்!” என்று சொல்லிவிட்டு அடுத்த டீயை ஆற்றப் போய்விட்டார்.

ஹெப்சி வீட்டுக்குப் போனேன். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. “மாஸ்டர் விடுன்னாங்க அங்கிள், விட்டேன்” என்றாள். மறுபடி அழ ஆரம்பித்துவிட்டாள்.

மூன்று பேர், மூன்று பக்கம் நின்றவர்கள், ஒரே வாக்கியம். மூன்று பயணிகளிடம் ஒரே நம்பர் டிக்கெட் இருந்தால் பரிசோதகன் என்ன நினைப்பான்? எங்கள் பக்கத்தில் ‘ஒண்ணு வுடு’ என்றால் அறை என்று அர்த்தம். கூட்டத்தில் நின்று ‘வுடு வுடு’ என்று கத்துகிறவர்கள் சமாதானத்துக்காகக் கத்துவதை நான் பார்த்ததே இல்லை. கடைசியாக லேபுக்குப் போய்த் தபீதாளையே கேட்டேன்.

“விடுன்னு சொன்னது நான்தான் சார்” என்றாள். “நான் சொல்லாம இருந்திருந்தா அவர் கை உடைஞ்சிருக்காது.”

இதற்கு மேல் என்ன வேண்டும்? அவள் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நான் நிற்கவில்லை. பள்ளிக்கரணையிலும் இப்படித்தான் ஏதோ செய்துவிட்டு வந்திருப்பாள், எனக்கு அன்றைக்கே தெரியும் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் கமிட்டி கூடுவதாக முடிவானது. வகுப்பை மூடச் சொல்லப்போவது நானே. அவளுக்கு வேறு இடமும் இல்லை. ஒரு புகாரோடு வெளியே போகும் மாஸ்டருக்கு, அதுவும் பெண் மாஸ்டருக்கு, தாம்பரம் முழுக்கத் தேடினாலும் யாரும் இடம் தரமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தேன்.

சனிக்கிழமை சாயங்காலம், தபீதாளிடம் கொடுத்திருந்த மண்டபத்துச் சாவியைத் திரும்ப வாங்கப் போனேன். வகுப்பு நடந்துகொண்டிருந்தது. முடியட்டும் என்று பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன். பிடியைப் பழகிக்கொண்டிருந்தார்கள். ஒரு சிறுமி இன்னொருத்தியின் கையை மடக்கிப் பிடிக்க, பிடிபட்டவள் போதும் என்பதற்கு அடையாளமாகத் தொடையைத் தட்டினாள். “விடு” என்றாள் தபீதாள். அடுத்த கணம் அந்தச் சிறுமியின் கைகள் விரிந்துவிட்டன. பக்கத்து ஜோடி, அதற்கடுத்த ஜோடி, எல்லோருக்கும் அப்படித்தான். அடிக்க வேண்டியபோதெல்லாம் ‘குடு’ என்றாள். அவ்வளவு நேரத்தில் ஒருமுறைகூட அடிக்க ‘விடு’ என்று அவள் வாயில் வரவில்லை.

அப்படியானால் அன்றைக்குச் சிக்னலில் அவள் சொன்ன ‘விடு’வும் இதுதானா? ஆனாலும் நான் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து வார்த்தையை மாற்றிக்கொண்டிருக்கலாம் அல்லவா? எழுந்து நேராக ஹெப்சியிடம் போனேன்.

“நான்தான் சுகுமார்னு வெச்சுக்க. அன்னைக்கு என்ன செஞ்சியோ அதைச் செய்” என்று அவள் மணிக்கட்டைப் பிடித்தேன்.

“வேணாம் அங்கிள்.”

“வேண்டாம் சார், உங்க வயசுக்கு…” என்றாள் தபீதாள்.

வயதைப் பற்றிப் பேசியதும் எனக்குக் கோபம் வந்துவிட்டது. பிடியை இறுக்கினேன். என் கை எப்படித் திரும்பியது என்று தெரியவில்லை. உள்ளங்கை கூரையைப் பார்த்தது. வலி தோள்வரை ஏறியது. உடம்பின் மொத்த பாரத்தையும் பின்னால் போட்டு இழுத்தேன். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள்.

“விடு.”

சத்தம் என் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது. ஹெப்சியின் விரல்கள் விரிந்தன. யாரும் என்னைத் தொடவில்லை. ஆனால் யாரோ நெஞ்சில் ஓங்கி அறைந்தது போல நான் பின்னால் பறந்தேன். விழுந்த இடம் தரை இல்லை. தபீதாள் இரண்டு அக்குளிலும் கை கொடுத்து என்னைத் தாங்கிப் பிடித்திருந்தாள். எப்போது பின்னால் வந்து நின்றாள் என்று எனக்குத் தெரியாது.

“அன்னைக்கு சுகுமார் சாவியைக் கீழ போட்டுட்டாரு சார். அதைப் பாத்துதான் விடச் சொன்னேன். சாவி கீழ விழுந்த பிறகும் பிடிச்சிருந்தா அது தற்காப்பு இல்ல, அடாவடி” என்றாள். என்னை நிமிர்த்தி நிறுத்திவிட்டு, “ஆனா இப்ப உங்க பின்னால வந்து நின்னேன்ல, அதை அன்னைக்குச் செய்யல” என்றாள்.

சாவியை வாங்காமலே வீட்டுக்கு வந்தேன். ஷீலா என் தோளில் தைலம் தேய்த்தாள். எப்படி வலி வந்தது என்று கேட்டாள். மழுப்பிவிட்டேன்.

மறுநாள் கமிட்டி கூடியது. மாவுக்கட்டோடு சுகுமார் வந்து உட்கார்ந்தான். தபீதாளும் ஹெப்சியும் எதிரே. நான் சுகுமாரைத்தான் முதலில் கேட்டேன்.

“அடிச்சாங்கன்னு சொல்றீங்க. எங்க அடி விழுந்துச்சு? காட்டுங்க.”

“இங்க சார்” என்று நெஞ்சைத் தொட்டான். பிறகு தோளைத் தொட்டான். பிறகு கை அந்தரத்தில் நின்றது. நல்ல மனிதன்தான், பொய் சொல்லப் பழக்கமில்லாதவன்.

“அடி வுழல சார்” என்றான் கடைசியில். “நான் இஸ்துகினு இருந்தேன். ‘வுடு’ன்னு சத்தம் கேட்டுச்சு. வுழுந்துட்டேன். அதான் அடிச்சிட்டாங்கன்னே நெனச்சேன். நம்ம ஏரியால வுடுன்னா வேற இன்னா சார்?”

யாரோ சிரித்தார்கள். ஆயர் நிம்மதியாகப் பெருமூச்சு விட்டார். சரி, ஜெபம் பண்ணி முடிக்கலாம் என்று நான் எழுந்தேன். அப்போது தபீதாள் எழுந்து நின்றாள்.

“இன்னும் முடியல சார். ஹெப்சி அவர் கையைப் பிடிச்சதுக்கு யாரும் மன்னிப்பு கேக்க மாட்டோம். ஆனா விட்டதுக்கு நான் கேக்கணும். அவருக்குப் பின்னால ரோட்டு நடுவுல மீடியன் கல்லு இருந்துச்சு. அதை நான் பாத்தேன். பாத்தும் விடுன்னு மட்டும்தான் கத்துனேன். பிடிக்கிறதுக்குக் கத்துக் குடுத்த அளவுக்கு, விடுறதுக்கு நான் கத்துக் குடுக்கல. அந்தக் கை உடைஞ்சது என்னாலதான்.”

முடிந்துபோன வழக்கை இவளே எடுத்து மேசைமேல் வைக்கிறாளே! இப்போது சுகுமார் ஸ்டேஷனுக்குப் போனால் ‘என்னால்தான்’ என்று அவள் சொன்னதற்கு ஒரு கமிட்டியே சாட்சி. டிக்கெட் கையில் இருந்தும், இது போதாது, நான் இன்னும் தரவேண்டும் என்று தானாக வந்து சொன்ன ஒரு பயணியை என் வேலைக்காலம் முழுவதும் நான் பார்த்ததில்லை. அவளுக்காகப் பயந்தேன். அந்தப் பயம் எனக்கே புதிதாக இருந்தது.

சுகுமார் ஹெப்சியிடம், “பாப்பா, சாவி எடுத்தது கோவத்துல. கையப் புடிச்சது தப்புதான்” என்றான். எழுந்து வாசல்வரை போனவன் திரும்பி, “ஸ்டேஷன்லாம் வாணாம் சார். ஆனா கண்ணாடி கண்ணாடிதான், சொல்லிட்டேன்” என்றான்.

“மாத்திக் குடுத்துடறேன் அண்ணா” என்றாள் ஹெப்சி.

மண்டபத்துச் சாவி இன்னும் தபீதாளிடம்தான் இருக்கிறது. வகுப்பு நடக்கிறது, விளக்கு, ஃபேன் பார்க்க நானும் போகிறேன். அங்கே இப்போது ‘விடு’ என்ற சொல் தனியாக வருவதில்லை. மடக்கிப் பிடித்த பிள்ளை முதலில் எதிராளியின் முதுகுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்க்க வேண்டும், பிறகுதான் கையை எடுக்க வேண்டும். “பாத்து விடு” என்கிறாள் மாஸ்டர்.

போன வாரம் கோயிலிலிருந்து நடந்து வரும்போது ஷீலா கேட்டாள்: “பள்ளிக்கரணையில என்ன நடந்துச்சுன்னு இன்னும் யார்கிட்டயோ விசாரிச்சீங்களாமே. அந்தப் பொண்ணு மேல இருக்கிற சந்தேகத்தை இன்னுமா விடல?”

என் தோள் இன்னும் வலித்துக்கொண்டுதான் இருந்தது. அந்த ஜிம்காரர் சொன்ன பதிலை அவளிடம் சொன்னேன்: போர்டுதான் காரணம், வேறொன்றும் இல்லை.

“அப்புறம் என்ன? விடுங்களேன்.”

“பாத்துத்தான் விடணும்” என்றேன்.