தாளிக்காத தயிர் சாதம்

1. டம்ளர் விழுந்தது

அந்த அம்மாவின் கையிலிருந்து டம்ளர் நழுவித் தரையில் உருண்டது. சாப்பாட்டு ஹாலில் அறுபது பேர் இருந்தார்கள். ஒருத்தராவது திரும்பிப் பார்க்க வேண்டுமே! பார்க்க மாட்டார்கள். பத்து நாள் மௌனத் தியான முகாமில் அதுதான் ஒழுங்கு. பேசக் கூடாது, சைகை காட்டக் கூடாது, அடுத்தவர் முகத்தைப் பார்க்கக் கூடாது. நான் பார்த்தேன். நான் தியானம் செய்ய வந்தவள் இல்லை, சமையல்காரி.

கேட்டரிங் வேலைக்குப் புதிதாக வரும் பெண்கள், "மேனேஜர் சொன்னா எதுத்துப் பேசலாமாக்கா?" என்று என்னிடம் கேட்பதுண்டு. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஆடியில் கல்யாணம் கிடையாது. எங்கள் பிழைப்பு அந்த மாதம் படுத்துவிடும். ஸ்ரீரங்கத்தில் கொள்ளிடக் கரைப் பக்கம் ஒரு கல்யாண மண்டபம் சும்மாதான் கிடக்கும். புத்தர் வழித் தியானம் சொல்லிக்கொடுக்கும் ஒரு குழுவினர் அதைப் பத்து நாளைக்கு வாடகைக்கு எடுப்பார்கள். சமையல் எனக்கு வரும். காலை டிபன், பதினோரு மணிக்குச் சாப்பாடு, அவ்வளவுதான். புத்த பிக்குகள் நடுப்பகலுக்கு மேல் சாப்பிட மாட்டார்களாம். முகாமிலும் அதே நியமம். ஐந்து மணிக்கு டீயும் ஒரு பிடி பொரியும் கொடுப்போம். பூண்டு, வெங்காயம், மசாலா எதுவும் கூடாது. எனக்கென்ன, பாத்திரம் கம்மி!

2. "பார்த்துக்கிட்டிருக்கேன்"

அன்றைக்கு மூன்றாம் நாள். ஐந்து மணி டீ. டம்ளரை எடுக்கக் குனிந்தபோது அந்த அம்மாவைப் பக்கத்தில் பார்த்தேன். கொள்ளிடக் காற்று ஆளைத் தள்ளுகிறது, இவருக்கு ரவிக்கை முழுக்க வேர்வை. விரல் நடுக்கம். உதடு வெளுத்திருந்தது. என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை வியாதி. மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பிடாமல் கடைக்குப் போன ஒரு நாள் அவர் நின்ற கோலம் அப்படியே இதுதான்.

ஓடிப்போய் நடராஜன் சாரிடம் சொன்னேன். அவர் முகாம் மேனேஜர். பேங்க்கில் ஆபீசராக இருந்து ரிடையர் ஆனவர், சம்பளம் வாங்காமல் சேவை செய்கிறவர். நல்ல மனுஷர்தான். ஆனால் ரூல் என்றால் உயிர்.

"அது உள்ள இருக்கறது வெளிய வருதும்மா. வேர்க்கும், நடுங்கும். பார்த்துக்கிட்டே இருந்தா தானா போயிடும். நீங்க போய் பேச்சு குடுத்துடாதீங்க."

"சார், சுகர் எறங்கியிருக்கு."

"ஃபார்ம்ல அப்படி எதுவும் எழுதலையே அவங்க?"

ஃபார்மையா பார்த்துக்கொண்டு நிற்பது? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெந்நீரில் நாலு கரண்டி சர்க்கரையைப் போட்டுக் கலக்கி எடுத்துக்கொண்டு ஹாலுக்குள் போனேன்.

"அம்மா, சுகர் மாத்திரை போடுறீங்களா?"

அவர் கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டினார். பேச மாட்டாராம். பிறகு மெல்லச் சொன்னார்: "பார்த்துக்கிட்டிருக்கேன்... வரும், போயிடும்..."

உடம்பில் எது வந்தாலும் அசையாமல் கவனி, அது நிலைக்காது என்று மூன்று நாளாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். பாவம், சர்க்கரை இறங்குவதையும் அதே மாதிரி உட்கார்ந்து கவனித்துக்கொண்டிருக்கிறார்!

"எதுங்க போகும்? நீங்கதான் போயிருவீங்க! குடிங்க இதை!"

மௌன ஹாலில் என் குரல் இடி மாதிரி விழுந்தது. அறுபது தலையும் இப்போது திரும்பின. "நியமம்..." என்று அந்த அம்மா இழுத்தார். "நியமமாவது மண்ணாங்கட்டியாவது" என்று டம்ளரை வாயில் வைத்துவிட்டேன். முழுவதும் குடித்தார். கால் மணி நேரத்தில் முகத்துக்கு ரத்தம் திரும்பியது.

3. ஆட்டோவில் கேட்டது

புத்தூரில் ஒரு டாக்டரிடம் ஆட்டோவில் கூட்டிப்போனேன். அந்த அம்மாவின் பெயர் செல்வமணி, உறையூரில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறவர். மண்டபத்தை விட்டு வெளியே வந்ததும் அவருக்குப் பேச்சு வந்தது.

"மறைச்சது தப்புதான்க்கா. எழுதினா சேர்த்துக்க மாட்டாங்களோன்னு பயம். ராத்திரி மாத்திரையையும் யாருக்கும் தெரியாம மத்தியானமே போட்டுட்டேன். அவரு போய் ரெண்டு வருஷம் ஆச்சு. ராத்திரியானா ஓடுற ஃபேனையே பார்த்துக்கிட்டுக் கெடப்பேன். நேத்துதான்க்கா தூங்குனேன். அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குனேன். என்னை வீட்டுக்கு அனுப்பிடாதீங்க."

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

டாக்டர் சோதித்தார், திட்டினார், மாத்திரையைக் குறைத்து எழுதினார். "மாத்திரையைப் போட்டுட்டுப் பட்டினி கெடந்தா எறங்காம என்ன செய்யும்? வேளைக்குச் சாப்பிடட்டும். தாராளமா உட்காரலாம்."

4. அடுப்படிச் சண்டை

திரும்பி வந்தால் நடராஜன் சார் செல்வமணியின் பையைக் கட்டி வாசலில் வைத்திருக்கிறார்!

"ஒருத்தருக்கு ராத்திரி சாப்பாடு போட்டா வாசம் ஹாலுக்குப் போகும். அறுபது பேர் மனசும் கலையும். அவங்க கிளம்பட்டும். நீங்களும் மௌனத்தைக் கலைச்சதுக்கு ஒரு லெட்டர் எழுதிக் குடுங்க."

"எழுத மாட்டேன் சார். அவங்க போனா நானும் போறேன். நாளைக்குக் காலைல பொங்கல் நீங்க கிண்டுங்க."

வாய்ப்பேச்சுக்குச் சொல்லவில்லை. ஆடியில் எனக்கு இருந்த ஒரே வேலை அது. ஆனாலும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். சத்தம் கேட்டுத் தியான ஆசிரியர் வந்தார். கல்லூரியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்ற அம்மா, அதிர்ந்து பேசாதவர்.

"டீச்சரம்மா, நேத்து சாயங்காலம் உங்க பேச்சு ஸ்பீக்கர்ல அடுப்படி வரைக்கும் கேட்டுச்சு. புத்தரு எலும்பும் தோலுமா ஆகுற வரைக்கும் பட்டினி கெடந்தாரு, அப்புறம் இது வழியில்லன்னு ஒரு பொம்பள குடுத்த பால் சோத்தை வாங்கிச் சாப்பிட்டாருன்னு சொன்னீங்க. அவரே சாப்பிட்டாரு. இவங்க சாப்பிடக் கூடாதா?"

அவர் நடராஜன் சாரைப் பார்த்து, "பையை உள்ள வைங்க" என்றார். என்னிடம், "வாசம் வராம தர முடியுமா?" என்றார்.

"தாளிக்காம தர்றேன்."

என் தொழிலில் தாளிக்காத தயிர் சாதத்தை நான் யாருக்கும் பரிமாறியதில்லை. கடுகில்லை, கறிவேப்பிலை இல்லை, பெருங்காயம் இல்லை. அன்றைக்குச் சாயங்காலம் முதல் ஏழு மணிக்குப் பின்வாசலில் செல்வமணிக்கு அதைத்தான் கொடுத்தேன். என் மானம்தான் போனது. சர்க்கரை சரியாக நின்றது.

ஆசிரியர் பிறகு ஒரு நாள், "நீங்க தட்டைப் பார்த்துக்கிட்டிருக்கீங்களே, அதுவும் தியானந்தான்" என்றார். "அதெல்லாம் இருக்கட்டும்மா, பாத்திரம் கழுவ இன்னொரு ஆள் போடுங்க" என்றேன். போட்டார்கள்.

5. பத்தாம் நாள்

பத்தாம் நாள் காலை மௌனத்தை விட்டதும் செல்வமணி நேரே அடுப்படிக்கு வந்தார்.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. அந்தத் தயிர் சாதத்தை வாயில வைக்க முடியல."

இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். "தூக்கம்?" என்றேன். "தினமும்" என்றார். அப்புறம் இரண்டு பேருமே அழுதுவிட்டோம்.

நடராஜன் சார் விடுவாரா? அடுத்த ஆடியில் அடுப்படி வாசலில் போர்டு தொங்கியது: 'சமையல் பணியாளர்கள் பயிற்சிக்கு வந்தவர்களிடம் பேசக் கூடாது.'

பிள்ளைகளா, நான் கற்றது இதுதான். மௌனம் நல்லது, நியமமும் நல்லது. ஆனால் பசியை நேரில் பார்க்கிறவள் வாயை மூடிக்கொண்டிருக்கக் கூடாது. வேலை போனால் போகட்டும்.

அந்த ஆடி முகாமின் முதல் நாள் டிபனுக்கு முன்னால் அந்தப் போர்டுக்குக் கீழேயே நின்று உரக்கக் கேட்டேன்: "சுகர் மாத்திரை போடுறவங்க கையைத் தூக்குங்க. யாரையும் வீட்டுக்கு அனுப்ப மாட்டேன். சோறு போடுவேன்."

ஒவ்வொருவராக எட்டுப் பேர் கை தூக்கினார்கள். நான் எண்ணிக்கொண்டு திரும்பினால், வாசலில் நின்ற நடராஜன் சாரும் மெதுவாகக் கையைத் தூக்கினார்.