கடல்நாய்த் தீவில் மாமா பார்த்த தச்சு வேலை

இதை எழுதணும் என்று நினைத்து நினைத்தே பல வருஷம் ஓடிவிட்டது. இதில் வருகிற ஒருவர் மனசு நோகுமோ என்ற பயம்தான். போன ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அவர்களே, "எழுதுப்பா, இன்னா இப்போ" என்று சொல்லிவிட்டார்கள். ஜெபித்துவிட்டு உட்கார்ந்தேன்.

அப்போது நாங்கள் ஆவடியில், அப்பாவின் தொழிற்சாலை குவார்ட்டர்ஸில் இருந்தோம். அம்மாவின் தம்பி, என் மாமா, கப்பலில் தச்சு வேலை பார்த்தவர். தென்துருவத்துக்குப் பக்கத்தில் ஆளில்லாத ஒரு தீவு. முன்காலத்தில் அங்கே கடல்நாய்களை வேட்டையாடி, கொழுப்பைக் காய்ச்சி எண்ணெய் எடுத்தார்களாம். வேட்டை நின்றதும் எல்லோரும் போய்விட்டார்கள். அவர்கள் விட்டுப்போன மரக் கொட்டகைகளும் ஒரு சின்ன சர்ச்சும் பனியில் விழுந்துவிடாமல் காப்பாற்றுகிற வேலை மாமாவுக்குக் கிடைத்தது. எங்களுக்கு ஒரே பெருமை. மாமாவுக்குப் பெண் தேடியபோது பெண் வீட்டாருக்குத்தான் நம்பிக்கை வரவில்லை. வேலப்பன்சாவடியில் ஒரு சம்பந்தம் அதனாலேயே தட்டிப்போயிற்று.

"இதுவும் போச்சுன்னா என்னை உட்டுடுக்கா" என்று சொல்லிவிட்டுத்தான் மாமா எங்களோடு நசரத்பேட்டைக்குப் பெண் பார்க்க வந்தார். பெண்ணின் அப்பா கட்டட மேஸ்திரி. மாமா நீட்டிய போட்டோவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இன்னா தம்பி, பலகையெல்லாம் கறுத்துப்போய் கீது. வேலைக்கு முன்னாடி எடுத்ததா?"

"இல்லீங்க, முடிச்சப்புறம் எடுத்தது."

கூடம் முழுக்கச் சிரிப்பு.

"மனுஷனே இல்லாத ஊர்ல ஊடு ரிப்பேரா? யாரு, கடல் மீனா வாடகைக்கு வரப்போவுது?" என்றார் மேஸ்திரி. அம்மா தலை குனிந்துகொண்டாள்.

காபி கொடுத்துவிட்டுக் கதவோரம் நின்ற பெண், யாரும் எதிர்பாராமல் வாய் திறந்தாள்: "புதுப் பலகை ஒண்ணுகூடவா போடல?"

மாமா முகம் மலர்ந்துவிட்டது.

"போட்டேங்க. உளுத்ததை மட்டும் வெட்டிட்டு ஒட்டுப் போட்டேன். வெளுப்பா தெரியுது பாருங்க. பெயின்ட் அடிச்சு மறைக்கக்கூடாது. அந்த மரம் எவ்ளோ காத்து, எவ்ளோ பனி தாங்கிக்கினு நின்னுது! பாக்கறவங்களுக்கு அது தெரியணும். அதுல இன்னா வெக்கம்?"

அந்தப் பெண் முன்னால் வந்து போட்டோவுக்குக் கை நீட்டினாள். அதுவரை முந்தானைக்குள் இருந்த இடது கை. மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை தீப்பட்ட தழும்பு.

"உள்ள போம்மா!" என்று மேஸ்திரி பதறினார். அவள் போகவில்லை. மாமா அவள் பக்கத்தில் போய், ஒட்டுப் போட்ட இடத்தை விரலால் காட்டினார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மா ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டே வந்தாள். "டேய், இனிமே அத்தைன்னு கூப்பிடணும்" என்றார் மாமா. நானோ கேசரி இன்னும் கொஞ்சம் வைத்திருக்கலாமே என்ற வருத்தத்தில் இருந்தேன். அவ்வளவு நேரம் ஒளித்துவைத்த கையை, ஒரு போட்டோ வாங்குவதற்காக அத்தை ஏன் வெளியே எடுத்தார்கள் என்பது அன்று எனக்குப் புரியவில்லை.

இதைப் படித்தவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள். நடந்தபடியே சொல்லுங்கள். தழும்பை விட்டுவிடாதீர்கள், பெரிதாக்கவும் வேண்டாம்.