புனிதவதியின் வெறுங்கழுத்து

புக்கிட் பெலிம்பிங் முதியோர் இல்லத்தில் காலையில் குளிப்பாட்டுகிறோம் என்று பெயருக்குத்தான் சொல்லிக்கொள்வார்கள். காரைக் கழுவுகிற மாதிரி ஆளைக் கழுவி விடுவதுதான் நடக்கும். அங்கே பராமரிப்பு வேலை பார்க்கும் நவமணியிடம் கேட்டால் அவளே ஒப்புக்கொள்வாள். பெண்கள் பக்கத்தில் அவளோடு வேலை பார்த்தவள் ரவாங்கில் தொழிற்சாலை வேலை கிடைத்துப் போய்விட்டாள். இல்லத்தை நடத்தும் ரமணி, வேறு ஆள் வரும் வரும் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறாள். வந்தபாடில்லை. நவமணி ஒருவரை எழுப்பி, பேம்பர்ஸ் மாற்றி, தண்ணீர் ஊற்றித் துடைப்பதற்குள் அடுத்தவர் கூப்பிட ஆரம்பித்துவிடுவார். ரப்பர் எஸ்டேட்டில் பால்மரம் வெட்டிய காலத்தில்கூட அவள் இடுப்பு இப்படி விட்டுப்போனதில்லை.

அந்த அவசரத்தில்தான் அந்தத் தப்பைச் செய்தாள். புனிதவதி கிழவியின் கழுத்தில் தாலிக்கயிறு உரசி உரசிப் புண்ணாகியிருந்தது. வியர்வையும் சோப்பும் ஊறிக் கயிறு நாற்றமெடுத்தது. புதுக்கயிற்றைக் கட்டிய பிறகுதான் பழையதைக் கழற்ற வேண்டும், சுமங்கலியின் கழுத்து ஒரு நொடிகூட வெறுமையாக இருக்கக்கூடாது. இது நவமணிக்குத் தெரியாதா என்ன? தாலி கட்டி வாழ்ந்து, அதை அறுத்தும் கொடுத்தவள்தானே. ஆனால் பக்கத்துக் கட்டிலில் ஒருவர் ஈரத்திலேயே கிடந்தார். கத்தரிக்கோலை எடுத்தாள், கயிற்றை நறுக்கினாள், மருந்தைத் தடவினாள். புதுக்கயிறு சாயங்காலம் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

புனிதவதிக்கு மறதி நோய். காலையில் தின்றது மத்தியானம் நினைவிருக்காது. ஆனால் கை தானாகக் கழுத்துக்குப் போனது. தலைக்குத் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள், தாலியை அறுத்திருக்கிறார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்பது மட்டும் அவளுக்கு மறக்கவில்லை.

"அவரு போயிட்டாரா? எங்கிட்ட ஒருத்தரும் சொல்லலியே!" என்று மார்பில் அடித்துக்கொண்டாள்.

"ஐயோ பெரியம்மா, பெரியப்பா ஆம்பளைங்க பக்கம் நல்லா இருக்காரு" என்று நவமணி சத்தியம் செய்தாள். எடுபடவில்லை. சாயங்காலம் புதுக்கயிற்றோடு போனபோது கிழவி கையைத் தட்டிவிட்டாள். அன்று சாப்பிடவில்லை. மறுநாளும் வாய் திறக்கவில்லை.

"இன்னிக்கும் சாப்பிடலன்னா ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்பணும் லா. மூக்குல டியூப் போட்டுருவாங்க" என்றாள் ரமணி. "அது தாங்குமாக்கா?"

தாங்காது. நவமணிக்கு அது நன்றாகவே தெரிந்தது. தன் மேலேயே அவளுக்கு அப்படி ஓர் ஆத்திரம் வந்தது.

ஆண்கள் பக்கம் போய்க் காளியண்ணனை அழைத்தாள். புனிதவதியின் புருசன். சபாக் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் மண்டோராக ஆட்களை அதட்டி வேலை வாங்கிக்கொண்டிருந்த மனிதர். இப்போது வாதத்தில் ஒரு கை விழுந்து சக்கர நாற்காலியில் இருக்கிறார். ஒரே கூரையின் கீழ் இருந்தும் புருசனும் பெண்டாட்டியும் சாயங்காலம் கூடத்தில் பார்த்துக்கொள்வதோடு சரி. அங்கேயும் அவள் சில நாள் அவரை அடையாளம் கண்டுகொள்வாள், சில நாள் கண்டுகொள்ள மாட்டாள். நாற்காலியைத் தள்ளிக்கொண்டே நவமணி எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னாள். திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். அவர், "வேகமாத் தள்ளும்மா" என்றார்.

புனிதவதி நிமிர்ந்து பார்த்தாள். "யாருங்க? எங்க வீட்டுக்காரரு போயிட்டாருங்க" என்று அவரிடமே சொல்லி அழுதாள்.

நவமணி விடாமல், மஞ்சள் கயிற்றை அவர் பக்கம் நீட்டினாள். காளியண்ணன் மனைவியின் வெறுங்கழுத்தைப் பார்த்தார். "நான்தாண்டி" என்று சொல்ல வாயெடுத்தவர் நிறுத்திக்கொண்டார். கயிற்றை ஒதுக்கிவிட்டு, "கஞ்சியக் கொடும்மா" என்றார்.

துக்க வீட்டில் வீட்டுக்காரர்கள் தாமாகச் சாப்பிட மாட்டார்கள். துக்கம் கேட்க வந்தவர்கள்தான் வற்புறுத்திச் சாப்பிட வைக்க வேண்டும். அவர்கள் பேச்சைத் தட்டுவதும் வழக்கமில்லை.

"கேள்விப்பட்டேம்மா. அதான் வந்தேன்" என்றார் காளியண்ணன், வேற்றாள் குரலில். "அழுதா போனவரு வரவா போறாரு? எனக்காக ஒரு வாய் குடிங்க."

விழாத ஒரே கையால் கரண்டியைப் பிடித்து ஊட்டினார். பாதிக் கஞ்சி அவர் மடியிலேயே சிந்தியது. ஆனாலும் கிழவி வாயைத் திறந்தாள். ஒரு வாய், இன்னொரு வாய் என்று குடித்தாள். நவமணி சுவரில் சாய்ந்து நின்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"உங்க வீட்டுக்காரரு எப்படி? நல்ல மனுசரா?" என்று கேட்டார் காளியண்ணன்.

"நல்லவருதாங்க. கோவம்தான் சாஸ்தி" என்றாள் புனிதவதி, கஞ்சியை விழுங்கிக்கொண்டே. "ஆனா ஒரு நாளுகூட இப்படி எனக்கு ஊட்டி விட்டதில்ல."

காளியண்ணன் தலையைக் குனிந்துகொண்டு அடுத்த கரண்டியை எடுத்தார்.