உதட்டில் கிடந்த மவுத் ஆர்கன்

ஒக்கூரில் ஒரு வீட்டுக்கு மச்சுப் பலகை அடித்துக்கொண்டிருந்தோம். அறுபதுகளின் கடைசி. சாரத்தில் மல்லாந்து படுத்துத்தான் வேலை. சுத்தியலும் பலகையுமாக இரண்டு கையும் மேலே இருக்கும். சின்ன ஆணிகள் கடைவாயில். எனக்கு அது போதுமா? மவுத் ஆர்கனை உதட்டின் மேல் கிடத்தி, தலையை இப்படியும் அப்படியும் உருட்டியே பாட்டு வாசிப்பேன். அதில் ஒரு திமிர்.

அன்று பாதிப் பாட்டில் நாக்கால் துழாவினேன். நாலு ஆணியில் ஒன்றைக் காணோம். மற்ற மூன்றையும் துப்பிவிட்டு, ஒன்றைக் காணோம் என்றேன்.

கூட வேலை பார்த்த மச்சான் கத்தினார்: “முழுங்கிட்டீகளா மாப்பிள்ளை?”

கீழே தேடினோம், இல்லை. ஒரு சீப்பு வாழைப்பழம் தின்ன வைத்தார். வயிற்றில் எங்கே சுருக்கென்றாலும் அதுதான் என்று செத்துச் செத்துப் பிழைத்தேன்.

மறுநாள் மவுத் ஆர்கனை எடுத்து ஊதினேன். ஒரு துளையில் மட்டும் சத்தமே இல்லை. கவிழ்த்துத் தட்டியதும் ஆணி விழுந்தது. நான் ஊதிய வேகத்தில் உள்ளே போயிருக்கிறது.

மச்சான் விழுந்து விழுந்து சிரித்தார். நான் அந்தப் பாட்டை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன். நேற்று நான் நிறுத்திய இடத்துக்கு அடுத்த சுரம், மூச்சை உள்ளே இழுத்து வாசிப்பது.