பங்கு போட முடியாத இருநூற்றுப் பதினாலு கோடி

ஏணியில் கால் வழுக்கி விழுந்து, மாவுக்கட்டோடு வீட்டில் கிடந்தாள் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற அந்தப் பெண். பொழுது போகாமல் மகளின் போனில் விளையாடியவளுக்கு மதிப்பெண் ஏறிக்கொண்டே போய் 2,14,74,83,647-ல் நின்றுவிட்டது. அதற்கு மேல் நகரமாட்டேன் என்றது.

கணினி படிக்கிற மகள் சிரித்தாள். "அதுக்குமேல அந்த விளையாட்டால எண்ண முடியாதும்மா. ரெண்டை முப்பத்தோரு தடவை பெருக்கி ஒண்ணு கழிச்சா வர்ற எண். பகா எண் வேற, ஒண்ணையும் அதையும் தவிர எதாலயும் மிச்சமில்லாம வகுபடாது."

"யார் வகுத்துப் பார்த்தாங்க?"

"யாரோ பார்த்துட்டாங்க. உலகத்துக்கே தெரியும்."

"உலகத்துக்குத் தெரிஞ்சா போதுமா? எனக்குத் தெரிய வேண்டாமா?"

அன்றே பழைய காலண்டர் தாள்களின் முதுகில் வகுக்க ஆரம்பித்தாள். வர்க்கமூலம் வரைக்கும், அதாவது நாற்பத்தாறாயிரத்துச் சொச்சம் வரைக்கும் உள்ள பகா எண்களால் வகுத்தால் போதும். அதுவே ஆயிரக்கணக்கில் இருந்தது. கணவர் சோற்றுத் தட்டை நீட்டி, "கால் கூடுறதுக்குள்ள கை போயிடும் போலிருக்கே" என்றார்.

பிறகு மகள் ஒரு குறுக்குவழி சொன்னாள். இதை வகுக்கிற பகா எண் ஏதாவது இருந்தால், முப்பத்தொன்றின் இரட்டிப்பான அறுபத்திரண்டால் வகுக்கும்போது அது ஒன்று மிச்சம் தரவேண்டும். அம்மா தலையாட்டவில்லை. சின்ன எண்ணில் சரிபார்த்தாள். இரண்டைப் பதினொரு தடவை பெருக்கி ஒன்று கழித்தால் 2047. அது 23-ஐயும் 89-ஐயும் பெருக்கினால் வருவது. இரண்டையுமே பதினொன்றின் இரட்டிப்பான இருபத்திரண்டால் வகுத்தால் ஒன்று மிச்சம். காரணத்தையும் மகளிடம் குடைந்து குடைந்து கேட்டு, புரிந்த பிறகுதான் பென்சிலை எடுத்தாள். அப்படி ஒன்று மிச்சம் தருகிற முதல் பகா எண் 311. மிச்சம் 35.

1117-க்கு வந்தபோது மிச்சம் பூஜ்யம் வந்தது. கணவர் எட்டிப்பார்த்து, "அப்போ உலகமே ஏமாந்துபோச்சா?" என்றார்.

அவளுக்குக் கிரேனில் பழகிய பழக்கம், கனமான சரக்கு லேசாக எழும்பினால் சந்தேகப்படுவாள். தாளைக் கிழித்துவிட்டு முதலிலிருந்து வகுத்தாள். நடுவில் ஒரு கழித்தல் தப்பு. மிச்சம் 882.

"நான்தான் ஏமாந்தேன்," என்று சொல்லிவிட்டு அடுத்த எண்ணுக்குப் போனாள். அதன்பின் ஒவ்வொன்றையும் இரண்டு முறை வகுத்தாள். கட்டுப் பிரித்தார்கள், ஊன்றுகோலோடு நடக்கப் பழகினாள், உட்காரும்போதெல்லாம் வகுத்தாள்.

வர்க்கமூலத்துக்குக் கிட்டத்திலிருந்த கடைசி எண்ணும் மிச்சம் தந்த மதியம், கணவர் காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"முடிஞ்சுதுங்க. யாராலயும் பங்கு போட முடியாது."

"அதைத்தானே உன் மக அன்னிக்கே சொன்னா?"

"அவ சொன்னா. இப்ப நான் சொல்றேன்," என்றவள், விரல்களைச் சொடக்கெடுத்துவிட்டு, அவர் கையிலிருந்த கத்தியை வாங்கிக்கொண்டாள்.