மூன்று வரி ஆதாரம்

டென்மார்க்கின் ஒடென்சே நகர நூலகத்தின் இரண்டாம் மாடியில் ஆபிரிக்காவை ஒரே சனிக்கிழமையில் எழுதி முடிப்பதென்று தீர்மானித்திருந்தார்கள். காலை பத்து மணியிலிருந்து பிற்பகல் மூன்று மணி வரை. இடையில் கோப்பியும் கறுவாப் பணிசும்.

எல்லோரும் எழுதக்கூடிய இணையக் கலைக்களஞ்சியம் ஒன்றின் டெனிஷ் பதிப்பில், ஓய்வுபெற்ற நாளிலிருந்து நான் எழுதிவருகிறேன். எழுதுகிறேன் என்பதைவிட, மற்றவர்கள் எழுதியதை வெட்டிவருகிறேன் என்பது உண்மைக்குக் கிட்ட வரும். கொம்யூன் எனப்படும் நகரசபை அலுவலகத்தில் மேன்முறையீடுகளைப் பார்த்த கை இது. இணைப்பு இல்லாத விண்ணப்பத்தைக் கண்டால் மூளையைக் கேட்காமலே நிராகரிக்கும். அந்தத் தகுதியை வைத்து என்னை ‘அனுபவமுள்ள தொண்டர்’ என்று அழைத்திருந்தார்கள்.

“முப்பது வருஷம் கந்தோரிலை இருந்து சனத்துக்கு இல்லை, இல்லை எண்டு எழுதினது காணாதே?” என்றார் மனைவி. “இப்ப சனிக்கிழமையிலும் போய் எழுதப்போறியள்.”

ஏற்பாட்டாளர் ஒரு டெனிஷ் பெண்மணி. தன்சானியாவில் ஆறு மாதம் இருந்தவர் என்பதை முதல் பத்து நிமிடத்தில் மூன்று முறை தெரிந்துகொண்டோம். சுவரில் ஆபிரிக்க வரைபடம். ஒவ்வொரு நாட்டின் மேலும் ஒரு மஞ்சள் ஒட்டுத்தாள், எல்லாம் ஒரே அளவு. தாளுக்கு அடியில் காம்பியா முழுதாகக் காணாமல் போயிருந்தது. வெளியாட்கள் எழுதிவைத்த கண்டம் இனித் தன்னைத் தானே எழுதவேண்டும் என்று அவர் பேசினார். கைதட்டினார்கள். கைதட்டியவர்களில் ஆபிரிக்காவில் பிறந்தவர்கள் நான்கு பேர். மற்றவர்கள் ஓய்வுபெற்ற ஆசிரியைகள். அவர்கள் தாங்கள் சுற்றுலா போன சரணாலயங்களைப் பற்றி எழுதினார்கள். யானைகளைப் பற்றிய அறிவு அன்றைக்கு நன்றாக வளர்ந்தது.

முதல் மணித்தியாலம் வீணாகப் போனது. ஒரே இணைய இணைப்பிலிருந்து சில கணக்குகளுக்கு மேல் ஒரு நாளில் திறக்கவிடாது அந்தக் களஞ்சியம். முன்கூட்டியே விலக்குக் கேட்கவேண்டும். இரண்டு கிழமைக்கு முன்னரே நான் அதை எழுதி அனுப்பியிருந்தேன். பதிலாகச் சிரிக்கும் முகம் ஒன்று வந்திருந்தது. ஆறு பேர் கணக்குத் திறந்தார்கள், ஏழாமவர் சுவரில் முட்டினார். பிறகு நானே விலக்குக் கேட்டு எடுத்துக்கொடுத்தேன். அதற்குள் பணிஸ் முடிந்துவிட்டது.

எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர் வட உகண்டாவைச் சேர்ந்த பெண். நாற்பத்தைந்து வயதிருக்கும். ஒடென்சேயில் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை. அந்த அறையில் ஏற்கெனவே எழுதிக்கொண்டு வந்தவர் அவர் ஒருவர்தான். கொப்பியில், கையால், பிழையில்லாத டெனிஷில். விஷயம் ஒரு வானொலி ஆசிரியை. யுத்தத்தில் பள்ளிக்கூடங்கள் மூடிக் கிடந்த வருடங்களில் அந்த அம்மா தினமும் வானொலியில் எழுத்துப் படிப்பித்திருக்கிறார். இடம்பெயர்ந்தோர் முகாமில் ஒரு வானொலிப் பெட்டியைச் சுற்றி முப்பது பிள்ளைகள், கையில் கரித்துண்டு. என் பக்கத்தில் இருந்தவர் அந்த முப்பதில் ஒருவர். பிறகு வளர்ந்து அதே வானொலி நிலையத்தில் ஆசிரியையின் பாடத் தாள்களைப் பிரதிபண்ணியும் கொடுத்திருக்கிறார். பாடம் ஒவ்வொன்றும் அந்த அம்மாவின் கையெழுத்து. இந்தப் பெண் வாழ்க்கையில் யாரைப் பற்றியாவது ஒரு பக்கம் எழுதுவதாக இருந்தால், அது அவரைப் பற்றித்தான்.

நாங்கள் டெனிஷில் கதைத்தோம். அவர் சொன்னதை என் வாய்ப்பேச்சிலேயே தருகிறேன்.

ஆதாரம் என்ன என்று கேட்டேன்.

“நான்தான்” என்றார்.

“நீங்கள் ஆதாரமா நிக்கேலாது.”

“நான் அங்கை இருந்தனான்.”

“அதாலைதான் நிக்கேலாது” என்றேன். விதியும் அதுதான். நேரில் கண்டவர் சொல்வது செல்லாது. நேரில் காணாதவர் அச்சில் எழுதியதை, அதையும் காணாத ஒருவர் எடுத்து எழுதவேண்டும். அவர் சிரித்துவிட்டுக் கட்டுரையை வெளியிட்டார்.

திங்கட்கிழமை அதன் தலையில் நீக்கல் அறிவிப்பு ஏறியது. ஒரு கிழமை விவாதம், அதற்குள் அச்சிட்ட ஆதாரம் வராவிட்டால் கட்டுரை போய்விடும். அறிவிப்பைப் போட்டவன் நானல்ல. நான் போட்டிருந்தால் வாசகம் இன்னும் ஒழுங்காக இருந்திருக்கும்.

ஏற்பாட்டாளர் உடனே தொண்டர்களின் அரட்டைக் குழுவில் போர்முரசு கொட்டினார். எல்லோரும் போய் ‘வைத்திருக்கவும்’ என்று எழுதுங்கள், நாம் குடும்பம், இதயம், இதயம். இரண்டு மணித்தியாலத்தில் பத்துப் பேர் எழுதினார்கள். பத்துக் கணக்கும் சனிக்கிழமை ஒரே நூலக இணைப்பில் பிறந்தவை. அங்கே தலைகளை எண்ணுவதில்லை, காரணத்தைத்தான் நிறுப்பார்கள். ஒரே நாளில் பிறந்த பத்துப் பேர் ஒன்றாக வந்து ஒரே வார்த்தையைச் சொன்னால், ஒருவன் பத்து முகமூடி போட்டிருக்கிறான் என்று எடுத்துக்கொள்வார்கள். சனிக்கிழமை இதைத்தான் நான் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர்கள் வரைபடத்துக்கு முன்னால் நின்று குழுப்படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

நிர்வாகி ஒருவர் வந்து பத்தையும் ஒரே கோட்டில் அடித்தார். பதினொன்றாவதாக அந்தப் பெண் எழுதியிருந்தார். ஒரு பக்கம் முழுவதும், முகாம், வானொலி, கரித்துண்டு எல்லாவற்றையும் சொல்லி. அதுவும் அடிபட்டது. அவருக்கு எச்சரிக்கையும் போனது.

அவர் எனக்குத் தொலைபேசி எடுத்தார். “நான் ஏதும் பிழை விட்டிட்டனோ?”

“நீங்கள் விடேல்லை. உங்களுக்கு உதவ வந்த ஆக்கள் விட்டவை.”

இனி என்ன செய்யலாம் என்று கேட்டார். அச்சிட்ட ஒரு பக்கம் வேண்டும், ஐந்து நாள் இருக்கிறது என்றேன்.

அந்த வானொலிக்கு ஒலிபரப்புக் கருவி கொடுத்தது டென்மார்க்கின் உதவித் திட்டம் ஒன்று என்று அவர் ஒரு பேச்சில் சொல்லியிருந்தார். டெனிஷ்காரர் ஓரிடத்தில் ஒரு ஆணி அடித்தாலும் அதற்கு அறிக்கை அச்சிடுவார்கள், அதன் ஒரு பிரதி எங்காவது ஆவணக் காப்பகத்தில் தூங்கும். எந்தப் படிவத்தில் கேட்டால் அது எழும்பி வரும் என்று எனக்குத் தெரியும். மூன்றாம் நாள் வந்தது. நீலமட்டை, தொண்ணூறு பக்கம். முக்கால்வாசி, திட்டத்தின் டெனிஷ் ஆலோசகர் தன்னைப் பற்றித் தானே எழுதியது. தொப்பியோடு நின்ற படமும் இருந்தது. அறுபத்தோராம் பக்கத்தில் அந்த ஆசிரியைக்கு மூன்று வரி: பெயர், ஊர், பாடங்களை உள்ளூர் மொழியில் பாராட்டத்தக்க விடாமுயற்சியுடன் வாசித்தார் என்று ஒரு வசனம்.

ஐம்பத்தொன்பதாம் பக்கத்தில், பாடங்களைத் தயாரித்தது ஆலோசகர் என்று இருந்தது.

இரண்டு பக்கத்தையும் நான் வாசித்தேன். அறுபத்தொன்றை மட்டும் படியெடுத்து விவாதத்துக்கு அனுப்பினேன். கேட்கப்பட்டது ஒரு பக்கம். கேட்காத இணைப்பை யாருக்கும் நான் சேர்த்து அனுப்பியதில்லை. அந்தப் பெண்ணிடமும் சொல்லவில்லை. கட்டுரை தப்பினால் காணும் என்று நினைத்தேன்.

தப்பியது. நிர்வாகி ஒரே வரியில் விவாதத்தை மூடினார். ஏற்பாட்டாளர் அதை வெற்றிக் கதை என்று எங்கெங்கோ எழுதினார். அந்தப் பெண் கட்டுரையை அச்சடித்து, தான் வேலைசெய்யும் இல்லத்தில் பணியாளர் அறைச் சுவரில் ஒட்டியதாகச் சொன்னார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஆட்கள் வாசித்துவிட்டு வந்து கேள்வி கேட்கிறார்களாம்.

இரண்டு கிழமை சென்றது. என்னைப்போலவே ஓய்வும் ஒழுங்கும் உள்ள யாரோ ஒருவர் அதே அறிக்கையை வரவழைத்து, என்னைவிட நேர்மையாக, முழுவதையும் வாசித்திருக்கிறார். பாடங்களை டெனிஷ் ஆலோசகர் தயாரித்தார் என்ற வசனம் கட்டுரையில் ஏறியது, பக்க எண்ணோடு. முதல் வரியில் ‘ஆசிரியை’ போய் ‘அறிவிப்பாளர்’ வந்தது. ஆலோசகருக்கென்று தனியாக ஒரு கட்டுரையும் திறந்தார்கள், ஆசிரியையின் கட்டுரையைவிட நீளமாக, தொப்பிப் படத்தோடு. ஆபிரிக்காவை எழுதப் புறப்பட்ட கூட்டம் டென்மார்க்குக்கு இன்னொரு பெரிய மனிதரைப் பெற்றுக்கொடுத்தது.

சுவரில் இருந்ததைக் கழற்றி எடுத்துக்கொண்டு, புதிதாக அச்சடித்ததையும் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பெண் வீட்டுக்கு வந்தார். வேலை உடுப்போடு நேரே வந்திருந்தார். மனைவி தேத்தண்ணி போட்டுக் கொடுத்தார்.

“அந்த ஆளுக்கு எங்கடை மொழியிலை வணக்கம் சொல்லவும் தெரியாது. பாடம் அவர் எழுதினவராம்.”

புதிய தாளின் அடியில் அறிக்கையின் பெயர் இருந்த இடத்தில் விரலை வைத்தார்.

“இந்தப் புத்தகத்தை நீங்கள் வாசிச்சனீங்கள்தானே?”

“ஓம்.”

“முழுக்கவோ?”

“ஓம்.”

மனைவி தமிழில் கேட்டார்: “தெரிஞ்சுகொண்டே குடுத்தனீங்கள்?” அதற்குப் பதில் சொல்ல எனக்கு எந்தப் படிவமும் இருக்கவில்லை.

கணினியைத் திறந்தேன். கட்டுரையைப் பற்றி எழுதுபவர்கள் வாதாடும் பேச்சுப் பக்கத்தில் ஆட்சேபம் எழுதினேன்: அறிக்கை எழுதியவரே தன்னைப் புகழ்ந்து எழுதியது இது, பாடத் தாள்களைப் பிரதிபண்ணியவர் என் எதிரில் உட்கார்ந்திருக்கிறார். தேத்தண்ணி ஆறமுதல் பதில் வந்தது. மரியாதையான பதில். தனிப்பட்ட நினைவு ஆதாரமாகாது, வேறு அச்சிட்ட சான்று இருந்தால் தரவும், விதி கீழே. அந்த விதியை நான் எத்தனை பேருக்கு அனுப்பியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. பிழை சொல்ல ஒன்றுமில்லை.

அப்படியென்றால் முழுவதையும் அழித்துவிடுங்கள் என்றார் அந்தப் பெண். எழுதியவர் கேட்டால் அழிப்பார்கள், ஆனால் வேறு யாரும் கைவைக்காத வரைக்கும்தான் என்றேன். அழிக்கவிடாமல் காப்பாற்றிக்கொடுத்தவன் நான் என்பதை அவர் எனக்கு நினைவூட்டவில்லை.

இரண்டு தாள்களையும் ஒன்றாக வைத்து மடித்தார். பிறகு சொன்னார்: “அப்ப என்ரை பேரை எடுத்துவிடுங்கோ. இந்த வசனம் இருக்கிற பக்கத்தை நான் துவக்கினதெண்டு இருக்கக்கூடாது.”

அதற்கு ஒரு படிவம் இருக்கிறது. நிரந்தரமாக விலகுபவரின் பெயரை எடுத்துவிட்டு, யார் எழுதியது என்று காட்டும் வரலாற்றுப் பக்கத்தில் பொருளில்லாத எழுத்துகளும் இலக்கங்களும் போடுவார்கள். குசினி மேசையில் வைத்து இருவருமாக நிரப்பினோம். காரணம் என்ற பெட்டியில் என்ன எழுதுவது என்று கேட்டார். கட்டாயமில்லை, வெறுமையாக விடலாம் என்றேன்.

அன்று பின்னேரமே அனுமதித்துவிட்டார்கள். அச்சிட்ட பக்கம் எதையும் யாரும் கேட்கவில்லை.