குசினியில் ஒரு கார்ச்சீற்

அன்று கடலுக்குப் போன அந்த வாடகை வானில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். ஓட்டியவர் நிசார் நானா. அவருக்குப் பக்கத்தில் என் கணவர். நடுவில் என் தங்கை சுபா, அவள் மடியில் பத்து மாத மகள் யாழினி. அடுத்து நான். எனக்கும் யன்னலுக்கும் இடையில் என் மகன் அகரன், ஒன்பது மாதம், நோர்வேயிலிருந்து கொண்டுபோன குழந்தைக் கார்ச்சீற்றில். பின்னால் சுபாவின் கணவர் தவமும் என் ஐந்து வயது மகள் ஆரணியும். இத்தனை பேரில் பெல்ற் போட்டிருந்தவன் அகரன் மட்டும்தான். சீற்றுக்கு அடியில் புதைந்து கிடந்த அந்தப் பெல்ற்றை இழுத்தெடுத்துத் தந்த நிசார் நானா, "தங்கச்சி, இப்பிடி ஒண்டு என்ர வானுக்குள்ளை இருக்கிறதே எனக்கு இண்டைக்குத்தான் தெரியும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. ஆரணியின் கையை விடவேண்டாம் என்று தவத்திடம் மூன்றாவது தடவையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நான் பயந்தவள். எல்லாவற்றுக்கும் பயம். நான் இருக்கும் நாட்டில் குழந்தைகளைத் தள்ளுவண்டியில் போட்டு வெளியே தூங்க விடுவார்கள். பார்ணஹாகே என்கிற குழந்தைகள் காப்பகத்தின் சுவரோரம் வண்டிகள் வரிசையாக நிற்கும். உள்ளே பிள்ளைகள், மூக்கு நுனி மட்டும் சிவந்து தெரிய. அது காற்று வாங்குவதாம், உடம்புக்கு நல்லதாம். நான் வேலைக்குப் போகும் வழியில் நின்று அந்தப் பிள்ளைகள் மூச்சு விடுகின்றனவா என்று பார்ப்பேன். யாருடையவோ பிள்ளைகள். அகரனை நான் ஒருநாளும் அப்படி விட்டதில்லை.

அவனுக்கு நாலு மாதமாக இருந்தபோது எனக்குப் பால் நின்றுவிட்டது. கவலையில் நின்றதோ, கவலைப்பட்டதால்தான் அப்படி நினைத்தேனோ தெரியாது. பிள்ளை நிறுக்கிற இடத்துத் தாதி, வீட்டில் உதவிக்கு யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். ஒருவரும் இல்லை என்றேன். அவர் முகம் மலர்ந்து, "அப்படியென்றால் நல்ல அமைதி, நன்றாக ஓய்வெடுக்கலாம்" என்றார். நான் அழாக்குறையாகச் சொன்னதை அவர் ஒரு வசதியாக எடுத்துக்கொண்டார். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோன எனக்கு, அந்த மொழியில் "இல்லை, நான் சொன்னது அதில்லை" என்று விளங்கப்படுத்த வாய் வரவில்லை. பால்மாவுக்கு மாறினோம்.

இந்த ஜூன் விடுமுறைக்கு ஸ்கந்தபுரத்தில் சுபாவின் வீட்டில் போய் இறங்கிய அன்றே எனக்குள் ஒன்று கடுக்கத் தொடங்கியது. நான் போத்தலைக் கொதிநீரில் போட்டு, தண்ணீரை ஆறவைத்து, மணிக்கட்டில் விட்டுப் பார்த்து முடிப்பதற்குள் அவள் யாழினிக்குப் பால் கொடுத்து முடித்திருப்பாள். கிணற்றடியில் கதைத்துக்கொண்டே கொடுப்பாள். கோழியைச் சூய் என்று கலைத்தபடியே கொடுப்பாள். ஒரு கையால் போனில் யாரோடோ சண்டை பிடித்தபடியும் கொடுப்பாள். அவளுக்கு அது ஒரு வேலையே இல்லை. "அக்கா, நீ பிள்ளைக்குப் பால் கரைக்கிறியோ, பரிசோதனை செய்யிறியோ?" என்று கேட்டுச் சிரித்தாள். நானும் சிரிப்பதுபோல் வாயை வைத்துக்கொண்டேன்.

அவளுக்கும் ஒரு கண் இருந்தது, கார்ச்சீற்றில். வந்த அன்றே யாழினியை அதில் இருத்தி, பெல்ற்றைப் பூட்டி, படம் எடுத்தாள். "ராசாத்தி மாதிரி இருக்கிறாள் பார்" என்று தவத்துக்குக் காட்டினாள். அவர்களிடம் இருப்பது ஒரு மோட்டார் சைக்கிள். அதில் யாழினி இருவருக்கும் நடுவில் நசிந்துகொண்டு போவாள்.

முல்லைத்தீவுக் கடலுக்குப் போகவேண்டும் என்பது ஆரணியின் ஆசை. நான் முதல் நாளே பையை அடுக்கினேன்: வெந்நீர் பிளாஸ்க், இரண்டு போத்தல், காய்ச்சல் மானி, நுளம்பு வலை, மாற்றுடுப்பு. வழியில் ஓரிடத்தில் பாலைப்பழம் வாங்கினோம். ஆரணி தின்றுவிட்டு உதடுகள் ஒட்டிக்கொண்டு பேசமுடியாமல் "ம்ம், ம்ம்" என்றாள். தவம், "இனி அம்மாவுக்கும் ரெண்டு குடுத்தால் வான் அமைதியாப் போகும்" என்றார். விசுவமடு தாண்டினோம். புதுக்குடியிருப்பும் தாண்டியது. அப்போதுதான் அகரன் பசியில் சிணுங்கினான். பையைத் திறந்தேன். எல்லாம் இருந்தது. பால்மா ரின் மட்டும் இல்லை.

எறும்பு ஏறிவிடும் என்று பயந்து அதைத் தண்ணீர் ஊற்றிய தட்டின் நடுவில் தனியாக வைத்திருந்தேன், சுபாவின் குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில். அது அங்கேயே நின்றது.

வழியில் ஒரு கடையில் நிறுத்தி வேறு பால்மா வாங்கிப் பார்த்தோம். அவன் நாக்கால் தள்ளினான். அழுகை ஏறியது. கார்ச்சீற்றில் வில்லாக வளைந்தான். "திரும்புவமே?" என்றார் இவர், என் கணவர். திரும்பினாலும் ஒன்றரை மணித்தியாலம். நான் அவனை அவிழ்த்து மடியில் வைத்து ஆட்டினேன், பாடினேன். அவன் என் சட்டையைப் பிடித்து இழுத்து, முகத்தைத் தேய்த்து, ஒன்றும் கிடைக்காமல் இன்னும் கத்தினான்.

"அக்கா, நான் குடுக்கட்டே?" என்றாள் சுபா.

நான் அவன் விரல்களை என் சட்டையிலிருந்து பிரித்தேன். அவள் யாழினியைத் தூக்கி என் மடியில் வைத்துவிட்டு அவனை வாங்கினாள். முதலில் முகத்தைத் திருப்பினான். பிறகு பிடித்துக்கொண்டான். அவன் விழுங்குவது மட்டும் கேட்டது. நிசார் நானா பின்பக்கம் பார்க்கும் கண்ணாடியை மேலே திருப்பிவிட்டு ரோட்டைப் பார்த்து ஓட்டினார்.

முள்ளிவாய்க்கால் வந்தது. இதே பாதையில், சண்டைக்குள், பதினைந்து வயதில் சுபாவை இடுப்பில் சுமந்து நடந்திருக்கிறேன். இவளுக்கு எட்டு வயது, கால் நிலத்தில் இழுபடும். என் பங்குக் கஞ்சியில் பாதியை இவளுக்கு ஊற்றுவேன். அதை இப்போது சொல்லவேண்டும்போல் இருந்தது. "சுபா, இதாலை உன்னைத் தூக்கிக்கொண்டு போனனான், ஞாபகமிருக்கே?" அவள் குனிந்து அகரனின் தலையைத் தடவியபடி, "எனக்கு ஒண்டும் ஞாபகமில்லை அக்கா" என்றாள். பொய் இல்லை, உண்மையாகவே இல்லை. அதற்கும் எனக்குப் பொறாமை வந்தது. பாலும் அவளிடம், மறதியும் அவளிடம்.

கடற்கரையில் அகரன் சுபாவின் முழங்காலைப் பிடித்து எழுந்தான். பிறகு கையை விட்டுத் தானாக நின்றான். முதல் தடவை. இவர் போனில் எடுத்தார். அதில் அகரனின் சிரிப்பு முழுக்க அவள் பக்கம்; ஓரத்தில் என் செருப்புத் தெரிகிறது.

திரும்பி வரும்போது கேட்டேன்: "நீ ஏதும் மருந்து பாவிக்கிறனியே? பனடோல், கினடோல்?"

சுபா என்னைப் பார்த்தாள். "என்ர பிள்ளையும் அதைத்தானே குடிக்குது."

"இல்லை, சும்மா கேட்டனான்."

"சும்மா கேக்கேல்லை."

இவர் திரும்பி, "நீர் கொஞ்சம் பேசாமல் வாரும்" என்றார். பரந்தன் வரை அகரன் அவள் தோளில் தூங்கினான். கார்ச்சீற்றில் பாலைப்பழம் கட்டிய கடதாசிச் சரை கிடந்தது.

அதன்பிறகு இருந்த ஒன்பது நாளும் நான் பால்மா ரின்னைக் கையிலேயே வைத்திருந்தேன். அவன் சுபாவின் குரல் கேட்டால் போத்தலை வாயிலிருந்து எடுத்துவிடுவான். அவள் அதைக் கண்டும் காணாததுபோல் குசினிக்குள் போய்விடுவாள். ஒருநாளும் "தா, நான் குடுக்கிறன்" என்று மறுபடி கேட்கவில்லை. கேட்டிருந்தால் கொடுத்திருக்கமாட்டேன். கேட்காததும் எனக்குக் கோபம்தான்.

புறப்படும் காலையில் கார்ச்சீற்றை வானில் ஏற்றப்போன இவரை நிறுத்தி, "அது இஞ்சை இருக்கட்டும்" என்றேன். கொழும்பு வரை அகரனை மடியில் இறுக்கிக்கொண்டே போனேன். வான் புறப்படுமுன் சுபா அகரனின் உள்ளங்காலை ஒரு தரம் மணந்து பார்த்தாள்.

நேற்று வீடியோவில் வந்தாள். இங்கே இரவு பத்து மணி, வெளியே இன்னும் வெளிச்சம். பிள்ளைகள் தூங்க மறுக்கிற மாதம் இது. அங்கே நடுச்சாமம் தாண்டி ஒன்றரை மணி. யாழினி பசிக்கு எழும்பிவிட்டாளாம். கார்ச்சீற் குசினி நிலத்தில், சுவரோரம். அதில் யாழினி பிசைந்த புட்டோடு இருந்தாள்.

"பெல்ற்றைப் போடடி" என்றேன்.

"நிலத்திலை வைச்சிருக்கு அக்கா. எங்கை ஓடப்போகுது?"

"எண்டாலும் போடு."

சிரித்துக்கொண்டே பூட்டினாள். அந்தச் 'சடக்' இங்கே கேட்டது. என் மடியில் அரைத் தூக்கத்தில் இருந்த அகரன் அவள் சிரிப்புக்குக் கண் விழித்தான். குனிந்து, திறந்த வாயைப் போன் கண்ணாடியில் வைத்தான். நான் போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தேன். அவன் கையை நீட்டினான். இன்னும் கொஞ்சம் தள்ளிப் பிடித்தேன்.

"அக்கா, அவன்ர முகம் தெரியேல்லை" என்றாள் சுபா. "கிட்டக் கொண்டு வா."